பங்குக்கு ஒரு சோடி மீன்

மீன் தொட்டிக்குப் பங்கு கேட்ட குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். நிலத்துக்குக் கேட்பார்கள், நகைக்குக் கேட்பார்கள், செத்தவர் படுத்திருந்த கட்டிலுக்குக்கூடக் கேட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். சிவனே என்று தண்ணீருக்குள் நீந்திக்கொண்டிருந்த மீனுக்கு யாராவது கேட்பார்களா? எங்கள் பெரியப்பச்சி கேட்டார், அப்பச்சி என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பாவின் மூத்த அண்ணன். எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. இன்னமும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

தொட்டி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆத்தாவின், அதாவது அம்மாவின் தம்பி, என் அம்மான், மதுரையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகாத மனிதர், சம்பளத்தையெல்லாம் மீனில் போட்டவர். திடீரென்று துபாயில் வேலை கிடைத்ததும் தன் நாலடிக் கண்ணாடித் தொட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக் கண்டனூருக்கு அனுப்பிவிட்டார். பின்னாலேயே போன் வந்தது. "எல்லாம் ஆப்பிரிக்கா மீனுத்தா. ஒனக்குத்தேன். கண்டதையும் அதோட சேத்து விட்றாத, கொன்னு போட்டுரும்" என்றார். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அதைவிடப் பெரிய சீதனம் அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

தொட்டியை எங்கள் அறைக்குள் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அறை வாசல் விடவில்லை. எங்கள் வீடு முப்பாட்டனார் கட்டியது. வெளிநாட்டுக்காரர்கள் தெருவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிற அளவுக்குப் பெரியது. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதற்கு வளவு என்று பெயர். வளவைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிய புண்ணியவான் அறை வாசலை மட்டும் ஒரு ஆள் குனிந்து பக்கவாட்டில் நுழைகிற மாதிரி வைத்திருந்தார். தொட்டியைச் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். "நெலையப் பேத்தாத்தேன் உள்ள போகும்" என்றார் வண்டிக்காரர். அப்பச்சி பதறிப்போனார். "அண்ணமாரக் கேக்காம அதுல உளிய வைக்க முடியாதுய்யா. இங்குட்டே எறக்குங்க" என்று தாழ்வாரத்துச் சுவரோரம் ஒரு கருங்கல் பலகையில் தொட்டியை வைக்கச் சொன்னார்.

அந்தத் தாழ்வாரம் பொது. அப்பச்சியோடு பிறந்தவர்கள் இரண்டு அண்ணன்மார். மூத்தவர் சென்னையில் இருந்தார், அடுத்தவர் கோயம்புத்தூரில். அறைகள் மட்டும் மூன்று பங்காகப் பிரிந்திருந்தன. வளவும் தாழ்வாரமும் முகப்பும் எல்லாருக்கும் பொது. அண்ணன்மார் அறைகள் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அப்பச்சி திருப்பூரில் வைத்திருந்த கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து நாங்கள் மட்டும்தான் அங்கே குடியிருந்தோம். அப்பச்சி, ஆத்தா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. அப்பச்சி காரைக்குடியில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த வருஷக் கோடை லீவு முழுக்க மீன்தான். ஆத்தாவின் செல்போனில் மீன் வளர்ப்பவர்கள் பேசும் வீடியோக்களைச் சார்ஜ் தீரும்வரை பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் அந்த மீன்களின் அருமை புரிந்தது. அவை ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரியைச் சேர்ந்தவை. பாறை இடுக்கில் வாழ்பவை. பார்க்க நகைக்கடை போல இருக்கும், குணம் மட்டும் சண்டைக்காரக் குணம். ஒவ்வொன்றும் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை அண்டவிடாது. ஆகவே ஆளுக்கொரு பொந்து வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு ஆண் இருக்கக் கூடாது. பாசி கலந்த தீனிதான் தின்னவேண்டும், புழுவும் கறியும் போட்டால் வயிறு வீங்கிச் செத்துவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கெட்டித் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, வாளியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும், ஆத்தா அதைத் திட்டாத நாளில்லை. அந்தத் தண்ணீருக்காகவே பிறந்தவை போல என் மீன்கள் துள்ளின.

யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதுதான் பெரிய வேலை. அதில் அப்பச்சியும் என்னோடு உட்கார்ந்துவிட்டார். கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். நீலத்தில் கறுப்புக் கோடு போட்ட ஒரு ஆண் இருந்தது, பெரிய ரவுடி. அதன் திமிரை அடக்க மஞ்சள் மீன்களைக் கூட்டலாமா, துருப்பிடித்த நிறத்தில் இருப்பவற்றைக் கூட்டலாமா, அடியில் கிடக்கும் கெளுத்தி ஒன்று போதுமா என்று இரண்டு பேரும் வாதம் பண்ணுவோம். பின்கட்டில் குவிந்து கிடந்த பழைய நாட்டோடுகளை அப்பச்சிதான் கழுவிக் கொண்டுவந்து தொட்டிக்குள் கவிழ்த்தும் சாய்த்தும் அடுக்கிப் பொந்துகள் செய்தார். "ஆளுக்கு ஒரு ரூம்பு ஆச்சுத்தா. இனி சண்டை வராது" என்றார். உண்மையிலேயே வரவில்லை. ரவுடிகூட தன் ஓட்டுக்கடியில் கிடந்தான்.

மஞ்சள் மீன்களில் ஒன்றுக்கு நான் மஞ்சக்கிழங்கு என்று பெயர் வைத்திருந்தேன். நான் விரலைக் கண்ணாடியில் வைத்தால் எதிரே வந்து நிற்கும். ஒருநாள் அது தின்பதை நிறுத்தியது. தீனி தூவினால் எல்லாம் மேலே பாயும், இது மட்டும் ஓட்டுக்குள் ஒதுங்கி நிற்கும். தொண்டை வீங்கியிருந்தது, வாயை இறுக்கி மூடியிருந்தது. நான் பயந்து போய் ஆத்தாவை இழுத்து வந்து காட்டினேன்.

"என்னடி இது, வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி நிக்குது!" என்றாள் ஆத்தா.

வீடியோவில் தேடியபோதுதான் தெரிந்தது. அந்த இனத்தில் தாய் மீன் முட்டையை வாய்க்குள்ளேயே அடைகாக்கும். பொரித்த குஞ்சுகளையும் அவை தானாக நீந்தும்வரை வாயிலேயே வைத்திருக்கும். வாயைத் திறந்தால் குஞ்சு போய்விடும் என்று அத்தனை நாளும் எதையும் தின்னாது. அந்த நேரத்தில் அதை யாரும் விரட்டக் கூடாது, இடத்தை மாற்றக் கூடாது. பயந்தால் எல்லாவற்றையும் துப்பிவிடும். இதை நான் அப்பச்சிக்குப் படித்துக் காட்டியபோது அவர் கண்ணாடியில் மூக்கு முட்டும்படி குனிந்து, வெகுநேரம் மஞ்சக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், பட்டினியாவா கெடக்கும்?" என்று கேட்டார். எனக்கானால் தலைகால் புரியவில்லை. எங்கள் தொட்டியில் குஞ்சு! அவை பத்திரமாக வெளியே வரும்வரை தாழ்வாரத்தில் தம்பியைத் தவழக்கூட விடக்கூடாது என்று ஆத்தாவிடம் சட்டம் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் படைப்பு வந்தது. பங்காளிகள் எல்லாரும் கூடி, செத்துப்போன பெரியவர்களுக்கு இலைபோட்டுப் புதுப் புடவையும் வேட்டியும் வைத்துக் கும்பிடுகிற நாள். சென்னைக் கார் ஒன்று, கோயம்புத்தூர்க் கார் ஒன்று. பூட்டிக் கிடந்த அறைகள் திறந்தன. பெரியப்பச்சி காரிலிருந்து இறங்கி, வளவில் கால் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி பெரியாத்தா, அவர்களுக்குப் பின்னால் கோயம்புத்தூர்ப் பெரியப்பச்சியும் அவர் மனைவியும்.

"இது யாரு வச்சது தம்பி?" என்று அப்பச்சியிடம் கேட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"மச்சினன் அனுப்புனதுண்ணே. பிள்ளை ஆசைப்பட்டுச்சு. ரூம்புக்குள்ள போகல."

"நல்லாத்தேன் இருக்கு. ஆனா நிக்கிறது எங்க? பொதுத் தாழ்வாரத்துல. பொது எடத்துல ஒரு பங்கு மட்டும் சாமான் வைக்கிறது மொறையா? நாளைக்கு நான் ஒரு பீரோவக் கொண்டாந்து போட்டா நீ ஒத்துக்குவியா?"

நான் முந்திக்கொண்டு, "பீரோ நீந்தாது பெரியப்பச்சி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பச்சியும் சிரித்து என் தலையைத் தடவினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "எடுக்கச் சொல்லல. பிள்ளை மனசு நோகக் கூடாது. எல்லாப் பங்குக்கும் இருக்கட்டுமே. நாங்களும் பங்குக்கு ஒரு சோடி மீனு வாங்கி விடுறோம். அப்ப ஒருத்தரும் கொறை சொல்ல முடியாதுல்ல?"

என்ன பெருந்தன்மை என்று கோயம்புத்தூர்ப் பெரியப்பச்சி தலையாட்டினார். "பெரியவுக பெரியவுகதேன்" என்றார் அவர் மனைவி. நான் முன்னால் பாய்ந்தேன். "அதுக சேராது பெரியப்பச்சி! இது ஆப்பிரிக்கா மீனு. இதோட வேற எதையும் விட்டா கொன்னு போட்டுரும். இல்லாட்டி இதக் கொன்னு போட்டுரும். அதுவும் இப்பக் குஞ்சு இருக்கு" என்று கத்தினேன்.

"அண்ணந்தம்பி வீட்டு மீனு சேராம, அசலூர் மீனா வந்து சேரும்?" என்றார் அவர். வளவே சிரித்தது. அந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் எந்த லட்சணத்தில் சேர்ந்திருந்தார்கள் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பித்தளை அண்டா யார் அறையில் இருக்கிறது என்பதற்கு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவர்கள் அவர்கள். இருந்தும் சிரித்தார்கள்.

நான் அப்பச்சியைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்தவர் அவர். எது எதோடு சேரும் என்று என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும். "வைக்கட்டும்த்தா, விடு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் படைப்பு. அதற்கடுத்த நாள் காலை இரண்டு பெரியப்பச்சிமாரும் மீன் வாங்கக் காரைக்குடிக்குக் கிளம்பினார்கள். "மீனு தெரிஞ்ச பிள்ளை" என்று என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்ததை ஒரு பயல் கேட்டால்தானே! பஸ் ஸ்டாண்டு பக்கத்து மீன் கடையில் பெரியப்பச்சி உள்ளங்கை அகலத்தில் கறுப்பும் சிவப்புமாக ஆஸ்கர் மீன் சோடி ஒன்றைக் காட்டினார். "மூத்த பங்கு. கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்றார். கோயம்புத்தூர்ப் பெரியப்பச்சி முந்தானை மாதிரி வால் தொங்குகிற தங்க மீன் சோடியைக் கேட்டார். "தங்கம்ல, வீட்டுக்கு லச்சணம்."

"ஆஸ்கர் வாயில அடங்குற எதையும் தின்னுரும். தங்க மீனால வேகமா நீந்த முடியாது, மத்ததுக வாலக் கடிச்சுரும்" என்றேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் பெரியப்பச்சியைப் பார்த்து, "அதெல்லாம் நல்லாச் சேரும் சார். தீனி போட்டா எல்லா மீனும் பழகிக்கும்" என்றார்.

"அப்ப நீங்க ஏன் எல்லாத்தையும் ஒரே தொட்டியில வைக்காம தனித்தனியா வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.

அவர் பாலிதீன் பைக்குள் காற்று அடைக்கத் தொடங்கினார். பெரியப்பச்சி, "வாய் ஜாஸ்தியா இருக்கே இதுக்கு" என்று தன் தம்பியிடம் சொல்லிச் சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பைகள் என் மடியில்தான் இருந்தன. என் மீனைத் தின்னப்போகிற மீனை நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

வீட்டில் பெரியாத்தா அதற்குள் தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். கண்ணாடியில், சரியாக மஞ்சக்கிழங்கு வந்து நிற்கும் இடத்தில். இதோடாவது விட்டாரா? உள்ளே எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "இதென்ன, நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள ஓட்டாஞ்சில்லு? தரித்திரம். எடுத்துப்புட்டு இந்தக் கோலிக்குண்டப் போடச் சொல்லுங்க" என்றார். பெரியப்பச்சி அப்பச்சியைப் பார்த்தார். "எடுத்துரு தம்பி."

அப்பச்சி சட்டைக் கையை மடக்கினார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். "அப்பச்சி, அதுக்குள்ள மஞ்சக்கெழங்கு இருக்கு. வாயில குஞ்சு இருக்கு. நீங்களுந்தான பாத்தீக! வேணாம் அப்பச்சி." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டார். ஓடுகளை மெதுவாக, மிக மெதுவாக ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் அடுக்கியதை அவரே எடுத்தார். கடைசி ஓட்டை எடுத்தபோது மஞ்சக்கிழங்கு தொட்டி மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒளிய அதற்கு இடமே இல்லை. கோலிக்குண்டுகள் கலகலவென்று விழுந்தன. நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, மூத்த பங்கு முதலில், இரண்டாம் பங்கு அடுத்து என்று வரிசைப்படி மீன்களை விட்டார்கள். கொட்டிய தண்ணீரில் பெரியாத்தா வழுக்கப் பார்த்ததுதான் எனக்கு அன்று கிடைத்த ஒரே ஆறுதல்.

பிறகு ஆளாளுக்குத் தீனி போட்டார்கள். தீனி போடுவதிலும் பங்கு. ஒருவர் பொரி, ஒருவர் வெள்ளைப் பணியாரத்தைப் பிய்த்து. கலங்கிய தண்ணீரில் ரவுடி முழித்துக்கொண்டான். அவன் பொந்தையும் காணோம், அடுத்தவர் பொந்தையும் காணோம். தொட்டி முழுக்கத் தனக்கே என்று நினைத்தானோ, தன்னை எல்லாரும் விரட்ட வந்தார்கள் என்று நினைத்தானோ, தங்க மீனின் வாலில் பாய்ந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் கோயம்புத்தூர்ப் பங்கின் முந்தானை நார்நாராகிவிட்டது. மஞ்சக்கிழங்கை யார் யாரோ துரத்தினார்கள். மூலைக்கு மூலை ஓடியது. வாயை மட்டும் திறக்கவில்லை. நான் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டு, "தொறக்காத, தொறக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ரவுடி பக்கவாட்டில் வந்து மோதினான். அது வாயைத் திறந்தது. கடுகு சிதறியது போல குஞ்சுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கண் இருந்தது, வால் இருந்தது. மூத்த பங்கின் ஆஸ்கர் இரண்டும் வந்து அலுங்காமல் அவற்றைத் தின்று முடித்தன.

நான் போட்ட கூப்பாட்டில் பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். எனக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயம்புத்தூர்ப் பெரியப்பச்சியின் மனைவி தங்க மீனைப் பார்த்துவிட்டார். "ஐயோ, எங்க மீன இப்பிடிக் கொதறி வச்சிருக்கே! எது கடிச்சது? ஒங்க பெருசா?" என்று பெரியாத்தாவைப் பார்த்தார். "எங்க மீனு தேமேன்னு கெடக்கு. அந்த நீலத்தப் பாருங்க" என்றார் பெரியாத்தா. கொஞ்ச நேரத்தில் மீன் போய் அண்டா வந்தது, அண்டா போய் மச்சுச் சாவி வந்தது. யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு முறையாகச் சொல்லவில்லை என்பதும் வந்தது. கடைசியில் பெரியப்பச்சி கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். என் நீல மீனைக் கண்ணால் காட்டி, அப்பச்சியைப் பார்த்துச் சொன்னார்.

"போனாப் போகுதுன்னு இருக்க விட்டா, எடமெல்லாம் தன்னுதுன்னு நெனச்சுக்கிருது. மத்தவுக வந்து போக வேணாமா?"

எவ்வளவு பெரிய பொய்! நான் அவர் முன்னால் போய் நின்றேன். "அதுகதேன் மொதல்ல இருந்ததுக! ஒங்க மீனுதேன் இன்னைக்கி வந்துச்சு. அது அதுக வீடு!" என்றேன். வளவு கப்பென்று அடங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. மீனைப் பற்றிச் சொன்னதற்கு ஏன் இத்தனை பேர் இப்படி விறைத்து நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அப்பச்சி முகம் வெளுத்திருந்தது. "பிள்ளை வெவரமாத்தேன் பேசுது. யாரு சொல்லிக் குடுத்ததோ" என்றார் பெரியப்பச்சி. அப்பச்சி எச்சில் கை காய்ந்துபோய், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் ஆத்திரம் முழுக்க அவர்மேல் திரும்பியது. "ஏன் அப்பச்சி ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறீக? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

ஆத்தா என்னை அடித்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். கன்னத்தில் விட்டு, கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே போனதும் என்னை விட்டுவிட்டு அவள் அழுதாள். என் மீன்குஞ்சு செத்ததற்கு அவளாவது அழுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை இரண்டு பெரியப்பச்சிமாரும் அப்பச்சியும் மூத்த பங்கு அறைக்குள் உட்கார்ந்து ஏதோ பேசினார்கள். பேசி முடித்ததும் கார்கள் கிளம்பிவிட்டன. பெரியப்பச்சி போகும்போது என் கையில் ஒரு சாக்லெட்டைத் திணித்து, "மீனப் பாத்துக்க" என்றார். அந்த சாக்லெட்டைக் கோழிக்குப் போட்டேன், கோழியும் தின்னவில்லை. தங்க மீன் இரண்டும் மிதந்தன. நான் பழக்கத்தில் கொஞ்சம் தீனியைத் தூவினேன். மஞ்சக்கிழங்கு மேலே வந்து தின்றது. அத்தனை நாள் பட்டினிக்கும் சேர்த்து வைத்து லபக் லபக்கென்று தின்றது. எனக்கு அதன்மேலும் கோபம் வந்தது.

உள்ளே போனால், அப்பச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உறவினர் வந்த நாளிலிருந்து இலையில் கையை வைத்து அளைந்துவிட்டு எழுந்துகொண்டிருந்தவர், அன்று இட்லிக்கு இன்னும் கொஞ்சம் கத்திரிக்காய்க் கோசமல்லி கேட்டுச் சாப்பிட்டார். ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். இரண்டு பேர் முகத்திலும் ஏதோ பாரம் இறங்கிய தெளிவு. பிள்ளை ஒருத்தி நெஞ்சு வெடித்து நிற்கிறாள், இவர்கள் கோசமல்லி பரிமாறிக்கொள்கிறார்கள்! அந்தக் காட்சியை நான் மன்னிக்கவே இல்லை. அன்று மாலை அப்பச்சி எல்லா மீனையும் வாளிகளில் பிடித்து, அந்த மீன் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். பொதுவில் வைத்தது வம்பு என்று மட்டும் சொன்னார். தொட்டி வெறுமனே கிடந்தது. அடுத்த படைப்புக்கு வந்தவர்கள் அதில் தேங்காய் போட்டு வைத்தார்கள், எல்லாப் பங்குத் தேங்காயும் சண்டையில்லாமல் சேர்ந்து கிடந்தன.

நான் பன்னிரண்டாவது முடித்ததும் அந்த வீட்டைக் காலி பண்ணி மதுரைக்கு வந்தோம். வீடு ஹோட்டலுக்குப் போயிற்று. சாமான் கட்டும்போது அந்தத் தொட்டியை என்ன செய்வது என்ற பேச்சில்தான் ஆத்தா சொன்னாள், ஏதோ ஊர்ச் சங்கதி சொல்கிற மாதிரி. "அந்தப் படைப்புக்கே நம்மளக் காலி பண்ணச் சொல்லித்தான் வந்தாக. ஹோட்டல்காரன் அப்பவே கேட்டுட்டான். வேற எடத்துக்குப் போக நமக்கு வக்கு ஏது? ஒன் படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் இருந்துக்கிறோம்னு ஒங்கப்பச்சி கேட்டுட்டு உக்காந்திருந்தாக. ஒங்க பெரியப்பச்சிமாரு கெளம்புற அன்னைக்கித்தேன் சரின்னாக."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்றில் ஒரு பங்கு அப்பச்சியுடையதுதானே, அவர் ஏன் கேட்டு உட்கார வேண்டும்? மழைக்காலம் முழுக்க ஒழுகுகிற கூரையில் ஏறி ஓடு மாற்றியவர் அவர். அப்போது ஒருவரும் பங்குக்கு ஒரு ஓடு என்று வந்து நிற்கவில்லையே! அண்ணன் இருவர் ஒரு பக்கம் நின்றால் தம்பி பேச்சு அம்பலம் ஏறாது என்ற அந்த முறையை எவன் எழுதி வைத்தான்? இந்தக் கேள்விகளையெல்லாம் பெரியப்பச்சியிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அவர் இப்போது படுக்கையில் கிடக்கிறார், ஆளே அடையாளம் தெரிவதில்லை. ஆனாலும் கோபம் ஆறவில்லை.

ஆனால் அப்பச்சியிடம் நான் கேட்டது ஒன்று இருக்கிறதே. அந்த வயதில் எனக்கு ஒரு மீன் ஏன் வாயைத் திறக்கவில்லை, ஏன் தின்னவில்லை என்பது நன்றாகத் தெரியும். எங்கள் அப்பச்சியைப் பற்றித் தெரியாது. வாயில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆத்தாவையும் தம்பியையும் என்னையும்தான் வைத்திருந்தார்.